ஸ்டார்ட் ஆகாத மெஷின் ஒன்று வேண்டும்

கவுண்டரில் நிற்கப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று முதலாளி ஆள் அனுப்பினார். நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் என் வார்த்தைக்கு இந்த மரியாதை. கடையில் நின்ற காலத்தில் அவர் என்னிடம் அதிகம் சொன்னது, பெண்ணே, மெதுவாகப் பேசு, மேம்பாலம் வரைக்கும் கேட்கிறது என்பதுதான். போகட்டும்.

நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். வீட்டில் விறகு வெட்ட எந்த மெஷின் வாள் நல்லது? ஆரஞ்சா, சிவப்பா, பச்சையா? கம்பெனிப் பெயர் நமக்கு வாயில் நுழையாது, நிறத்தை வைத்துத்தான் மார்த்தாண்டத்தில் பேச்சு. இருபது வருஷத்துக்கு மேல் இதை விற்றிருக்கிறேன். நேராக ஒரு பதில் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் முழிப்பேன். ஆரஞ்சு வாங்கினவர் ஆரஞ்சைப் போல உண்டா என்பார். சிவப்பு வாங்கினவர் ஆரஞ்சு என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்புவார். கம்பெனியிலிருந்து டை கட்டிய பையன்கள் வந்து லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டுவார்கள். அவரவர் படத்தில் அவரவர் கோடுதான் உயரமாக இருக்கும். மூன்று பேரும் வந்துபோன வாரத்தில் எனக்கு ஒரு மெஷினுமே பிடிக்காமல் போய்விடும்.

அதனால் எடை, குதிரைசக்தி எல்லாம் அட்டையில் போட்டிருக்கிறதைப் படித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அந்த விஷயத்தில் நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கே இதுவரை தெளியவில்லை. நீங்கள்தான் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

சுகுமாரன் என்று பெயர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அருமனைப் பக்கம் வீடு. எழுபது வயதை ஒட்டியிருக்கும். ஒரு மழைக்காலத்தில் கடைக்கு வந்து, வீட்டு விறகுக்கு ஒரு மெஷின் வேண்டும் என்றார். வீட்டு விறகுதானே என்று கரண்டில் ஓடுகிற சின்னதைக் காட்டினேன். கரண்டு போய்விட்டால் என்ன செய்ய என்றார். பெட்ரோல் மெஷினை எடுத்து வைத்தேன். ஆள் கட்டிப்பிடிக்கிற தண்டி உள்ள அடிமரத்தை இது அறுக்குமா என்றார். அறுக்கும், இரண்டு பக்கமாக அறுக்க வேண்டும் என்றேன். பச்சை மரமா இருந்தால்? அறுக்கும். மழை பெய்துகொண்டிருந்தால்? மழையில் எதற்கு விறகு வெட்ட வேண்டும் என்று கேட்டேன். மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தால் அவசரத்துக்கு எது சட்டென்று ஸ்டார்ட் ஆகும், ஆரஞ்சா சிவப்பா என்று அடுத்த கேள்வி.

ஒவ்வொரு மெஷினையும் தூக்கி, கையில் வைத்துப் பார்த்து, கீழே வைத்தார். அப்புறம் மெதுவாக, "ஒருக்கா ஓடினா போரும்" என்றார். ஒரு தடவை வெட்ட ஆளை விட்டால் போதாதா அண்ணாச்சி, எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது. "எனக்கு ஆளு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். யூடியூப்பில் ஒருவன் பச்சையைப் புகழ்ந்தான் என்பார், மகன் தோஹாவிலிருந்து போன் பண்ணி ஆரஞ்சு வாங்கச் சொன்னான் என்பார். எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போவார். நம் மெக்கானிக் அவருக்கு செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்.

முதலில் நான் விலைதான் இடிக்கிறது என்று நினைத்துக் குறைத்துச் சொன்னேன். அவர் விலையைக் காதிலேயே வாங்கவில்லை. அப்புறம் எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. பச்சை மரம், ஒரே ஒரு தடவை, மழை நேரம், ஆள் கூடாது. யாருடைய மரத்தையாவது திருட்டுத்தனமாக வெட்டப் பார்க்கிறாரோ? முதலாளியிடம் சொன்னேன். மெஷின் விற்பதோடு நம் வேலை முடிந்தது என்றார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, கேஸ் கீஸ் ஆகிவிடும், கொடுக்காதே என்றார். சாயங்காலம் கடை அடைக்கும்போது, பில் போட்டுக் கொடுத்தால் தப்பில்லை என்றார். அவரிடம் யோசனை கேட்டால் எப்போதும் இப்படித்தான், ஒரு குழப்பத்தோடு போனால் மூன்று குழப்பத்தோடு திரும்பலாம்.

அந்த நாட்களில்தான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு அம்மா மெதுவாக இறங்கினாள். உடம்பில் ஒன்றுமே இல்லை, சேலை மட்டும் இருப்பது போல ஒரு மெலிவு. கையில் ஆஸ்பத்திரிப் பை. நான் ஓடிப்போய் ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இஞ்ச ஒருத்தரு வந்து மெஷினைத் தூக்கித் தூக்கி வச்சிட்டுப் போவாருல்லா. அவருக்க வீட்டுக்காரி நான். சாரதா."

வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி வருகிற பெண்கள் நிறைய உண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். அவளோ மெஷின்களைக் காட்டச் சொன்னாள். ஒவ்வொன்றாக மடிப்பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். எது கனம், எது லேசு, எதற்கு எப்படிக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று விவரமாகக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை.

"இதுல எது அவருக்குப் பிடிபடாது?"

எனக்குப் புரியவில்லை. அவருக்குப் பிடிக்காதது எது என்று கேட்கிறாளோ என்று நினைத்து, அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லையே அக்கா என்றேன்.

"அதில்ல பிள்ளே. ஸ்டார்ட் ஆவாத மெஷினு ஒண்ணு உண்டுமா? உண்டும்னா அதைக் குடுத்து விடு."

அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். மெஷின் விறகுக்கு இல்லை, வீட்டை ஒட்டின எங்கள் விளையில் கிழக்கே ஒரு மாமரத்து மூடு நிற்கிறது, அதற்கு என்றாள்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. உங்களில் தோவாளைப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். மேற்கே சில வீடுகளில் ஆள் இறந்தால் சொந்த விளையில் நிற்கிற மாமரத்தை வெட்டி அந்த விறகில்தான் தகனம். துக்கச் செய்தி கேட்டதும் அக்கம்பக்கத்து மெஷின்காரர்கள் கூலி பேசாமல் வந்து நிற்பார்கள். ஆனால் உயிர் போகிறதுக்கு முன்னால் அந்த மரத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மனுஷர் வாராவாரம் வந்து, வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் எங்களை வதைத்தது எதனால் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அதை அவள் சொன்ன விதம், கடைசி பஸ் போய்விட்டது என்கிற மாதிரி இருந்தது. அவள் முன்னால் சுகுமாரன் ஒன்றும் பேசமாட்டாராம். வடசேரிக்குப் போகிறேன், பென்ஷன் காரியம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து நிற்கிறாராம். அவள் ஆட்டோக்காரனிடம் விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஆள் வேண்டாம் என்கிறாரே, ஏன் என்று கேட்டேன். அடுத்த வீட்டில் இருப்பது அவருடைய சொந்தத் தம்பி, ரவி. தடி வெட்டு, மரம் அறுப்புதான் தொழில். அந்தப் பக்கத்து மெஷின்காரர்கள் எல்லோரும் அவனுடைய கூட்டாளிகள். அப்பா இறந்து பாகம் வைத்தபோது நடைபாதை யாருக்கு என்று தொடங்கிய சண்டை, அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை. யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் மெஷின் ரவியுடையதாகத்தான் இருக்கும். இவர் வீட்டுக்கும் அவன் வருவான். அவன் வாள் தன் மரத்தில் படக்கூடாது என்பதற்காகத்தான் இவர் சொந்தமாக ஒன்று வாங்கித் தானே வெட்டப் பார்க்கிறார்.

"நான் போன பெறவு அந்த மனுஷனுக்கு இஞ்ச ஆரு உண்டு? மகன் தூரத்துல கெடக்கான். மெஷினு ஸ்டார்ட் ஆவல்லேன்னா ரவியக் கூப்பிட்டுத்தானே ஆவணும். நான் உசிரோட இருக்கச்ச கூப்பிட மாட்டாரு. கெஞ்சிப் பாத்தாச்சு."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடையில் கூட்டம் வேறு. நான் கண்டிப்பாகச் சொன்னேன், விற்கிற சாதனம் ஓட வேண்டும் அக்கா, ஓடாத ஒன்றை என் கையால் கொடுக்க மாட்டேன் என்று. அவள் கோபப்படவில்லை. "அப்பம் லேசான ஒண்ணாக் குடு. காலை வெட்டிப் போடாம இருக்கட்டு" என்றாள். தான் வந்ததை அவரிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிப்போனாள்.

முதலாளியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் மத்தியானம் வரைக்கும் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து சுகுமாரன் வந்து, இன்றைக்கு எடுத்துவிடலாம் என்றார். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில், இந்தக் கையோடு, தனியாக ஒரு மரத்தை வெட்டிச் சாய்க்கப் போகிறவருக்கு மெஷின் கொடுக்கலாமா? கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் ஏதோ ஒன்றை வாங்கிப் போவார், அவன் பிரேக் எங்கே இருக்கிறது என்றுகூடக் காட்ட மாட்டான். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் ஆரஞ்சும் இல்லாமல் பச்சையும் இல்லாமல், மூன்றில் லேசான, பிரேக் சட்டென்று பிடிக்கிற சிவப்பைக் கொடுத்தேன். அந்த மாடலில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற இரண்டிலும் ஒரே லிவரில் எல்லாம் அடங்கிவிடும். இதில் சோக்கு தனி, சுவிட்சு தனி. சுவிட்சைப் போடாமல் நாள் முழுக்க இழுத்தாலும் அசையாது. கடைக்குப் பின்னால் ஒரு ரப்பர் மரத் தடியைப் போட்டு, முதலில் சுவிட்சு, பிறகு சோக்கு, அதற்குப் பிறகுதான் இழுப்பு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் கண்டக்டர் குரலில் "ரைட்" என்று சொல்லி, ஸ்டார்ட் பண்ணி, தடியை அறுத்துக் காட்டினார். நன்றாகவே செய்தார். என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். எதற்கு மெஷின் என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்று நானும் சொல்லவில்லை.

அப்புறம் எத்தனை நாள் போயிற்றோ நினைவில்லை. ஒரு காலை, பலத்த மழை. கவுண்டரில் மூன்று பேர் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். போன் அடித்தது.

"மெஷினு ஸ்டார்ட் ஆவல்லே."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பின்னால் தகரத்தில் மழை விழுகிற சத்தமும் பெண்கள் அழுகிற சத்தமும் கேட்டது. சாரதா அக்கா போய்விட்டாள். ஆனால் அவர் கேட்பது மெஷினைப் பற்றித்தானே. இழுங்க அண்ணாச்சி, நான் சத்தம் கேட்கிறேன் என்றேன்.

போனைக் கீழே வைத்துவிட்டு இழுத்தார். மறுபடியும் இழுத்தார். மெஷின் ஒரு இருமல்கூட இருமவில்லை. பெட்ரோல் கூடிப்போனாலோ சோக்கு தப்பினாலோ ஒன்றிரண்டு இழுப்பில் ஒரு சின்ன இருமலாவது வரும். இது சுத்தமான வெறும் இழுப்பு. நாங்கள் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த புது மெஷின். சுவிட்சு போடவில்லை. படித்துப் படித்துச் சொன்னது அத்தனையும் அந்தக் காலையில் அவருக்கு மறந்துபோயிற்று.

ஒரு சொல் போதும். அண்ணாச்சி, சுவிட்சு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும், மெஷின் ஓடிவிடும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. கவுண்டரில் ஒருவர் செயின் விலை என்ன, செயின் விலை என்ன என்று மேசையைத் தட்டுகிறார். எனக்குக் கண் முன்னால் மழை, வழுக்குகிற மண், நடுங்குகிற கை, ஓடுகிற வாள். அதோடு ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தவள். இன்னொரு பக்கம், வாழ்க்கையிலேயே மோசமான நாளில் ஒரு மனுஷன் என் வாக்கை நம்பிப் போன் பண்ணியிருக்கிறான், தெரிந்த பதிலை நான் மறைக்கலாமா? விற்றவள் செய்கிற காரியமா இது?

"அண்ணாச்சி, மெஷினைக் கீழ வைங்க. பக்கத்துல மெஷினு தெரிஞ்ச ஆளு ஆராவது உண்டா?" என்றேன்.

போனில் மழைச்சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. என்னைத் திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"உண்டு" என்றார்.

"அவரு கையில குடுங்க."

போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. சேற்றில் கால் புதைந்து நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றார். தம்பியின் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னார். சத்தமாகக்கூட இல்லை, ஆள் பக்கத்தில் நின்றால் மட்டும் கேட்கிற அளவுக்குத்தான். அதோடு லைன் போயிற்று.

அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. செயினுக்குப் பதில் அது ஓடுகிற பார் பட்டையை எடுத்துக் கொடுத்தேன், பில்லைத் தப்பாகப் போட்டேன். முதலாளி காரணம் கேட்டார், சொன்னேன். நாம் விற்ற மெஷின் சாவு வீட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அருமனை முழுக்கப் பேச்சாகிவிடுமே என்று தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு குடோனுக்குள் போனார்.

பிள்ளைகளே, வாடிக்கையாளர் கேட்டால் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். அதுதான் நம் வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படி இருந்தும் அன்றைக்கு நான் சொல்லவில்லை. அதே மாதிரி நீங்களும் செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. செய்யாதீர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவர் ரவியைக் கூப்பிடாமல் அந்த மழையில் தனியாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

கருமாதி அடியந்திரம் முடிந்து ஒரு வாரம் இருக்கும், ஒரு ஆள் அந்தச் சிவப்பு மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். தாடி, முழங்கை வரை மரத்தூள். செயின் மழுங்கிவிட்டது, அரம் போட்டு ராவித் தர வேண்டும் என்றான். மெஷினைப் பார்த்ததுமே எனக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு அண்ணன் கூப்பிட்டதும் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

அவன் கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினான். விடியக்காலையிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கம் மெஷினோடு நின்றானாம். மதினி போனது தெரிந்தும், கூப்பிடாமல் போனால் அண்ணனுக்குக் கோபம் வரும் என்று நின்றானாம். அவர் இழுத்து இழுத்துப் பார்க்கிறதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றானாம்.

"கையில வாங்கினதுமே கண்டுட்டேன் அக்கா, சுவிட்சு போடல்ல. போட்டிருந்தா ஒரு இழுப்புல ஓடியிருக்கும்."

"பெறவு?"

"போடல்ல. பிளக்கைக் கழத்தித் தொடச்சேன், ஊதினேன், திரும்ப மாட்டினேன். பில்டரைக் கழத்தினேன். என்னென்ன உண்டுமோ எல்லாத்தையும் கழத்தி மாட்டினேன்."

எதற்கு அப்படி என்று கேட்டேன். அவன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அம்பிட்டு நேரமும் அண்ணன் எனக்குக் குடை பிடிச்சிட்டு நின்னான்."